வறட்சிக் காலத்து நீர்க்காவலும் பயிர்க்காவலும்

பஞ்சம் என்னும் சொல் காவிரி நாட்டார்க்கு ஒருகாலத்தில் அயலூர்ச் சொல்லாகவே இருந்தது. தாது வருஷத்துப் பெரும்பஞ்சம் என்று பாட்டிமார் வழிவழியாகச் சொல்லி வந்த 1876-78ஆம் ஆண்டுகளில் சேலம், பல்லாரி, கடப்பை முதலிய ஜில்லாக்களில் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். அக்காலத்தும் தஞ்சை ஜில்லாவின் ஆற்றுப்பாய்ச்சல் நிலங்கள் பெரும்பாலும் விளைந்தன. வயிறு பிழைக்க வேறு ஜில்லாக்களிலிருந்து இங்கு வந்தோர் பலர். இவ்வாறு பிறர்க்குச் சோறிட்ட நாடு என்னும் பெருமிதம் நம் இரத்தத்தில் ஊறியது. அப்பெருமிதம் இன்றும் நமக்கு உரியதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சென்ற திங்கள் நம் சங்கத்தின் கிளைக்கூட்டம் ஒன்றில் யாம் கல்லணையின் சிறப்பைக் குறித்துச் சிறிது பேசினோம். பேசி அமர்ந்ததும், கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்து, “ஐயா, கல்லணை கட்டிய பெருமையைக் கேட்டு மகிழ்ந்தோம். நம் ஊரில் நம் முன்னோர் வெட்டிய குளம் இப்போது எங்கே இருக்கிறது?” என்று வினவினார். கூட்டத்தார் நகைத்தனர், எமக்கு நகை வரவில்லை. அன்று விடை கூற இயலாது வாளா இருந்தோம். இக்கட்டுரையே அவ்விடையாகும்.

நீரைத் தேக்கி வைத்தல் அரசன் கடமை என்பது தமிழ் மக்களின் மிகப் பழைய கொள்கை. குடபுலவியனார் என்னும் புலவர் பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி, நிலம் பள்ளமாகக் கிடக்கும் இடங்களிலெல்லாம் நீர்நிலை அமைக்குமாறு அறிவுறுத்திய செய்தி புறநானூற்றிற் காணப்படும். போரில் வென்ற அரசனுக்குப் புலவர் கூறிய அறிவுரை இது என்பதை உன்னுக. கரிகாற் சோழன் காவிரிக்குக் கரை கட்டினான் என்பதை முதலாம் இராசேந்திரனுடைய திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறும். அவன் குளங்கள் வெட்டுவித்த செய்தியைப் பட்டினப்பாலை தருகின்றது. நம்மவர் அணையை நினைத்தனர், குளத்தை மறந்தனர். கரிகாலன் இரண்டையுமே செய்தான்.

கல்லணையின் அமைப்பைக் கண்டோர் வியவாதிரார். ஆழங் காண இயலாத ஆற்று மணலின்மேல் பெரும் பாறைகளை இட்டு, அவை தம் எடையாலேயே மணலுட் புதைந்து நிலைபெறுமாறு செய்து, அதன்மேல் அணை எழுப்பினர். ஏறக்குறைய 1,080 அடி நீளமுள்ள இவ்வணை நேராக அன்றி வளைந்து செல்வது. மணலில் அடித்தளம் இடும் வித்தையை இவ்வணையிலிருந்தே கற்றுக்கொண்டதாக ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளரே ஒப்பி எழுதினார்.

பிற்காலச் சோழர் ஆட்சியில் நீர்க்காவல் ஊரார் கையில் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்தவை. அவை ஏரி வாரியம் என்னும் குழுவைக் குடவோலையால் தேர்ந்த முறையை விரித்துரைக்கும். உத்தரமேரூர் தொண்டை நாட்டதாயினும், சோணாட்டிலும் சபையாரும் ஊராரும் வாய்க்கால், மடை, குளம் ஆகியவற்றைப் பேணியமைக்குக் கோயிற் சுவர்களே சான்று. உய்யக்கொண்டான், வீரசோழன், முடிகொண்டான் என ஆறும் வாய்க்காலும் பெயர் தாங்கி நிற்றல், அரசர் தம் பெயர் நிலைக்க விரும்பிய இடம் எது என்பதைக் காட்டும். பராந்தகன் காலத்து வீரநாராயணன் ஏரியே இன்றைய வீராணம். திருவாரூரிற் கோயிலும் குளமும் ஓடையும் தனித்தனியே ஐந்து வேலி என்பது நாட்டு வழக்கு. ஒரு வேலி 20 மாவாகும். மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். தெய்வத்துக்கு விட்ட அளவு நிலத்தைத் தண்ணீருக்கும் விட்டனர் நம் முன்னோர்.

நிற்க. காவிரிப் பாசனத்தின் இயல்பு ஒன்றை இங்கு உணர்தல் வேண்டும். இது சரிவு மிகக் குறைந்த சமநிலம். இங்கு நீர் வயலிலிருந்து வயலுக்குப் பாயும். மேலூரின் வடிகாலே கீழூரின் பாசன வாய்க்கால். தலைமடைக்காரன் தேவைக்கு மேல் தேக்கினால் அவன் பயிருக்கு நன்மையில்லை. கடைமடைக்காரன் பயிருக்கோ அழிவு. ஆதலின் இந்நாட்டில் எவனும் தன் வயலை மட்டும் காத்துக்கொள்ள முடியாது. குளங்களின் பயனும் இதுவே. ஆற்றில் நீர் உள்ளபோது நிரம்பி, இல்லாதபோது மேட்டு வயலுக்கு இறைவையாகவும், கிணறுகளுக்கு ஊற்றாகவும் அவை உதவின. வண்டலை வாரி வயலில் இட்டனர். குளமும் ஆழமாயிற்று, நிலமும் உரம் பெற்றது. ஒரு வேலையில் இரு பயன்.

இவ்வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். வெயிற் காலத்தில் ஆற்றில் நீர் நின்ற பின்னர், வாய்க்கால் தூர் வாருதலும் கரை உயர்த்தலும் மதகு பழுது பார்த்தலும் ஊர்ப்பொது வேலையாக நடைபெற்றன. ‘ஊரார் எல்லாரும் கூடிச் செய்தனர்’ என்று மேடையிற் பேசுதல் எளிது. யாமும் பேசியிருக்கின்றோம். ஆயின் மண்வெட்டி பிடித்தவர் யாவர் என்று கேட்டல் வேண்டும். நிலமுடையோர் தம் பங்குக்கு ஆள் விட்டனர். அவ்வாள் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்த பண்ணையாள். 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டமாகிய சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரையுடையும் ஆபத்து நேர்ந்தால் உழைக்கும் வகுப்பாரை வேலைக்கு வருமாறு கட்டளையிட ஊர்த்தலைவனுக்கு அதிகாரம் அளித்தது. நிலமுடையோரைக் கரையிற் கொண்டு நிறுத்தும் சட்டம் ஒன்றும் வரவில்லை. முன்னோர் பெருமை பேசும்போது இதனையும் சேர்த்துப் பேசுதலே நேர்மை. கூலியும் மதிப்பும் இன்றி உழைத்தோரின் மக்கள் பள்ளிக்கும் நகருக்கும் சென்றது நியாயமே; அவர் சென்ற பின்னர் மண்வெட்டியை நாம் எடுக்கவில்லை. குடிமராமத்து மறைந்த வரலாற்றில் பாதி இதுவே.

மற்றைப் பாதி அணைகளின் வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மண் மேடிட்டு, தாழ்வாகவும் நேராகவும் ஓடும் கொள்ளிடம் நீரையெல்லாம் கவர்ந்து சென்றது. தஞ்சை வயல்கள் வறண்டன. இதனைத் தடுக்கக் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையும் அமைக்கத் திட்டமிட்டார். பின்னர் 1925இல் தொடங்கி 1934 ஆகஸ்டு 21இல் திறக்கப்பட்டது மேட்டூர் அணை. அதன் நீர்மட்ட அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரம் பத்திலட்சம் கன அடி, அதாவது மக்கள் வழக்கிற் கூறும் டி.எம்.சி. உடன் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டைப் பக்கத்துப் புன்செய்களையும் நன்செய்யாக்கியது. இவை பெரு நன்மைகள். ஆயினும் ஜூன் 12 என்றொரு நாளை நாட்காட்டியிற் குறித்துக்கொண்டு, அன்று அணை திறந்தால் குறுவை, இல்லையேல் கண்ணீர் என்னும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம். நம் பார்வை மேட்டூர் மட்டத்தில் நின்றது. ஊர்க்குளத்து மட்டத்தை எவரும் அளக்கவில்லை.

மைசூருக்கும் சென்னைக்கும் 1892இலும் 1924இலும் ஏற்பட்ட உடன்படிக்கைகளும், 1990இல் அமைந்த நடுவர் மன்றமும், 2007ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பும் நம் அன்பர்கள் பலரும் அறிந்தவை. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டொன்றுக்கு 177.25 டி.எம்.சி. விடவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. உரிமையைக் கேட்டுப் பெறுதல் இன்றியமையாதது. ஆனால் வானம் பொய்த்த ஆண்டில் தீர்ப்பேட்டிலிருந்து நீர் சுரவாது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கே பெய்தது. 2017 ஜனவரி 10இல் தமிழக அரசினர் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தனர். கருகிய பயிரைக் கண்டு மனமுடைந்து உயிர் நீத்த உழவர் பலர். சோறிட்ட நாட்டில் நிகழ்ந்தது இது.

அவ்வாண்டின் செய்தி ஒன்றை எம் வீட்டிலிருந்தே கூறுவாம். எமக்குக் கடைமடையில் ஒன்பது மா நிலம் உண்டு. ஆற்றில் நீர் வரும் வரும் என்று காத்திருந்து, காலந் தாழ்த்து நாற்று விட்டு, முதிர்ந்த நாற்றை நட்டோம். தண்டு உருளும் பருவத்தில் நீர் அற்றது. வயல் பாளம் பாளமாக வெடித்தது. மாடு கட்டி மேய்த்தோம். எம் வயலுக்கு அடுத்த வரப்பில் குத்தகைக்குப் பயிர் செய்யும் முதியவர் ஒருவர், நம் சமூகத்தவர் அல்லர், எழுத்தறியாதவர். அவரோ சித்திரை மழையிலேயே உழுது வைத்து, ஆவணியில் புழுதியில் விதைத்துவிட்டார். அவர் பயிர் வேரூன்றி முன்னரே தூர் கட்டியது. கடைசி இரு தண்ணீருக்கு மட்டும் ஊர்க்குளத்தில் எஞ்சிய நீரை இறைத்தார். நிறைந்த விளைவில்லையாயினும் வீட்டுக்கு நெல்லும் மாட்டுக்கு வைக்கோலும் கண்டார். “குளம் முழுசா இருந்திருந்தா ஒங்களுக்கும் ஒரு தண்ணி கெடைச்சிருக்கும் வாத்தியாரய்யா” என்றார் அவர். அவர் எம்மைக் குத்திக் கூறவில்லை. ஆயினும் அச்சொல் குத்தியது. ஏனெனில் அக்குளத்தின் கீழ்க்கரையை ஒட்டிய தென்னந்தோப்பு எம் குடும்பத்தாருடையது. எம் பாட்டனார் காலத்தில் இரு வரிசையாயிருந்த தென்னை, எம் தந்தையார் காலத்தில் நான்கு வரிசையாயிற்று. கூடுதலான இரு வரிசையும் குளத்துக்குள்ளே நிற்கின்றன. இளைஞரின் வினாவுக்கு யாம் வாளா இருந்த காரணம் இதுவே.

இனி வறட்சிக் காலத்திற் பயிர் காக்கும் முறைகளுள் அனுபவத்தாலும் ஆராய்ச்சியாலும் உறுதிப்பட்டவற்றைப் பருவ வரிசையிற் கூறுவாம்.

முதலாவது, கோடை உழவு. சித்திரை முதல் நாளில் நல்லேர் பூட்டும் வழக்கம் வெறுஞ் சடங்கன்று. கோடை மழையின் ஈரத்தைப் பயன்படுத்தி உழத் தொடங்குக என்னும் கட்டளை. உழுத நிலத்தின் மேற்புழுதி போர்வைபோல் நின்று உள்ளீரத்தைக் காக்கும். வெடிப்புக்கள் மூடுதலின், பின்னர் முதல் தண்ணீர் பாயும்போது அது பாதாளத்துக்கு ஓடாது. களையும், மண்ணுள் உறங்கும் பூச்சிக் கூடுகளும் வெயிலில் அழியும்.

இரண்டாவது, வரப்பு. அண்டை வெட்டிச் சேற்றால் வரப்பைப் பூசுதல் நம் பெரியோர் தவறாது செய்த வேலை. எலி வளையும் நண்டு வளையும் உள்ள வரப்பில் தேக்கிய நீர், ஓட்டைக் குடத்து நீரே. எலியைப் பிடிக்கத் தஞ்சாவூர்க் கிட்டி என நம் ஜில்லாவின் பெயரையே தாங்கிய பொறி உண்டு. மூங்கிலாற் செய்த எளிய பொறி. நஞ்சு வைத்தலினும் நன்று.

மூன்றாவது, விதையும் விதைப்பும். ஆற்றுநீர் ஐயமாயின் நாற்றங்காலுக்குக் காத்திராது புழுதியில் நேரே விதைத்தல் கடைமடைக்கு ஏற்றது. திருத்துறைப்பூண்டி, வேதாரணியம் பக்கத்தார் இதனை நெடுங்காலமாக அறிவர். விதைக்கு முன் ஒரு விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் முளை வறட்சியைத் தாங்கும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தாரின் பரிந்துரை. நாற்று விட்டே நடுவதாயின், நீருள்ள ஓரிடத்தில் ஊரார் கூடிப் பொது நாற்றங்கால் அமைத்தல் நன்று.

நான்காவது, நடவு. இளநாற்றை ஒவ்வொன்றாக, இடைவெளிவிட்டு நடும் ஒற்றை நாற்று நடவு புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே சென்னை மாகாண வேளாண்மைத் துறையினர் தஞ்சை ஜில்லாவில் இதனைப் பரப்ப முயன்றனர். 1983இல் மடகாஸ்கர் தீவில் லோலானியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், 15 நாள் நாற்றை ஒற்றையாக நட்டு, நீரைத் தேக்காது பயிர் செய்து பெருவிளைவு கண்டார். அம்முறையே திருந்திய நெல் சாகுபடி என்னும் பெயரால் இங்கு வந்தது. விதையும் குறையும், நீரும் குறையும்.

ஐந்தாவது, நீர் பாய்ச்சல். நெல் நீரில் நிற்க வல்லதேயன்றி, எந்நாளும் நீரில் நின்றே தீரவேண்டிய பயிர் அன்று. அடிப்பாகம் துளையிட்ட குழாய்த் துண்டொன்றை வயலிற் பதித்து, அதனுள் நீர் நிலமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பின்னர் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மீண்டும் பாய்ச்சினால் போதும். இதனால் 30 விழுக்காடுவரை நீர் மிச்சமாகும் என்பர் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார். ஆயின் பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயலாகாது. கையிலுள்ள நீர் சிறிதாயின் அதனைத் தண்டு உருளும் பருவத்துக்கும் பூக்கும் பருவத்துக்கும் ஒதுக்கி வைத்தல் அறிவுடைமை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்ட வயலில் புகையான் பெருகாது என்பது மற்றொரு நன்மை.

ஆறாவது, உரமும் நோயும். ஈரமற்ற நிலத்தில் யூரியாவை அள்ளி இறைத்தல் தீமை. தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து ஈரம் கண்டு இடுதலும், சாம்பல்சத்தைக் குறையாது இடுதலும் வேண்டும். தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி ஆகியவற்றை மடக்கி உழுத நிலம் ஈரத்தைப் பிடித்து நிற்கும். வறண்ட காற்றில் நாற்றங்காலை இலைப்பேன் தாக்கும். இலை நுனி சுருண்டு மஞ்சளிப்பதே அறிகுறி. தொடக்கத்திற் கண்டால் நீர் தெளித்தலாலேயே பெரிதும் அடங்கும்.

ஏழாவது, பயறு. சம்பாவும் தாளடியும் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் நெல்லின் ஊடே உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்து விடுதல் நம் நாட்டுக்கே உரிய நுட்பம். அறுத்த தாளின் நிழலில், சேற்றின் எஞ்சிய ஈரத்திலும் தைமாதப் பனியிலும் அப்பயிர் விளைந்துவிடும். ஒரு தண்ணீரும் பாய்ச்சாது காசும் தந்து, மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும் பயிர் இதனினும் வேறு யாது?

எட்டாவது, வித்து வகை. குறுகிய வயதுடைய நெற்களை ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தார் 1922 முதல் ஆராய்ந்து வருகின்றனர். கடலோர உவர் நிலத்தில் வறட்சிக்கும் அஞ்சாது நிற்கும் குழியடிச்சான் போன்ற பழைய நெற்களும் உள. இவை அழியாது காத்தற்பொருட்டு உழைத்தவர் திருத்துறைப்பூண்டி வட்டத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திவந்த நெல் ஜெயராமன் அவர்கள். 2018 டிசம்பர் 6இல் மறையும் முன் 170க்கும் மேற்பட்ட நெல் வகைகளை அவர் மீட்டெடுத்தார். அவர்க்கு வழிகாட்டிய நம்மாழ்வார் தஞ்சை ஜில்லா இளங்காட்டிற் பிறந்தவர்.

இவ்வெட்டும் தனி உழவன் தன் வயலிற் செய்துகொள்ளக் கூடியவை. ஒன்பதாவது ஒன்று உண்டு. அது ஒருவனால் ஆகாது. அதுவே குளமும் வாய்க்காலும். 2017இல் அரசினர் குடிமராமத்து என்னும் பழம் பெயராலேயே நீர்நிலைகளைத் தூர் வாரும் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். பெயர் மீண்டது, குடிகள் மீண்டனரா என்பதே கேள்வி. இயந்திரம் வந்து மண்ணை வாரிச் செல்லும். ஆக்கிரமித்த கரையை அது அளக்காது. மேலூர்க்காரன் மடையைக் குறித்த நேரத்தில் மூடச் செய்யாது. அடுத்த ஆண்டு மீண்டும் படியும் வண்டலை நினையாது. இவை ஊரார் உள்ளத்தில் நிகழவேண்டிய தூர் வாரல்.

நம் சங்கத்தார் ஆண்டுதோறும் கல்விநிதி திரட்டுகின்றனர். திருமண மண்டபம் கட்டுகின்றனர். முன்னோர் படம் திறக்கின்றனர். இவற்றை யாம் குறை கூறவில்லை. ஆயினும் மூன்று வேண்டுகோள்களை அடக்கத்துடன் முன்வைக்கின்றோம். ஒன்று: நம்மவர் நிலமுள்ள ஒவ்வோர் ஊரிலும், பழைய நிலவரைபடத்தைக் கொண்டு குளத்தின் எல்லையை அளந்து, நம்மவர் வசமுள்ள பகுதியை நாமே முதலில் விட்டுக்கொடுத்தல். இரண்டு: வெயிற் காலத்தில் ஒரு நாளேனும் நம் வீட்டு ஆடவரும் மகளிரும் இளைஞரும் மற்றைத் தெருவாரோடு ஒன்றாக நின்று கரையில் மண் சுமத்தல், கூலிக்கு ஆள் வைத்தவிடத்து முழுக்கூலி கொடுத்தல். மூன்று: நீர் குறைந்த ஆண்டில் தலைமடையிலுள்ள நம்மவர் கடைமடையாரோடு கலந்து முறை வைத்துப் பாய்ச்சுதல், கடைமடையார் எச்சமூகத்தவராயினும் இதிற் பேதம் பாராமை.

முதல் வேண்டுகோளுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்று சிலர் கேட்கலாம். இவ்வாண்டுத் தைப் பொங்கல் கழிந்ததும், எம் தந்தையாரின் இசைவு பெற்று, குளத்துக்குள் நின்ற இரு வரிசைத் தென்னையை வெட்டுவிக்க முடிவு செய்துள்ளோம். அவர் தம் கையால் நட்டவை அவை, எளிதில் இசைந்தாரல்லர். நான்கு நாள் எம்மோடு பேசாதிருந்து, ஐந்தாம் நாள் காலை தாமே குளக்கரைக்குச் சென்று, மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வந்து, “காய் பறிச்சிட்டு வெட்டு” என்று மட்டும் சொன்னார்.

கேள்வி கேட்ட இளைஞருக்கு யாம் கூறும் விடை இதுதான்: நம் ஊர்க் குளம் எங்கும் போய்விடவில்லை, தம்பி. அது நம் தோப்புக்களின் அடியிலும், நம் மனைகளின் அடியிலும், நம் மறதியின் அடியிலும் கிடக்கின்றது. தோண்டினால் நீர் ஊறும். காவிரித்தாய் அருள்க.